குருவின் பெயர்

போட்டி விண்ணப்பத்தில் ஐந்து கேள்விகள் இருந்தன. பெயர், வயது, முகவரி, வாத்தியம், குருவின் பெயர். நாலுக்கு எழுதிவிட்டேன். ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது.

1990களின் தொடக்கம். எனக்குப் பதினைந்து வயது. மிருதங்கம் சொல்லிக்கொடுத்த பெரியவர் கெட்டவர் இல்லை. சேரிப் பையன் என்று தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார். திண்ணையில் உட்காரவைத்து இரண்டு வருசம் பாடம் சொன்னார். காசு வாங்கவில்லை. "சார், உங்க பேரப் போட்டுக்கவா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேண்டாம்டா. நாலு பேர் கேப்பா" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

எங்க வீட்டில் மிருதங்கம் கிடையாது. சித்தப்பா தோல் வேலை செய்பவர். வித்வான்கள் வீட்டு மிருதங்கம் மூட்டு பிரிக்க வந்தால், வேலை முடிந்து திரும்பிப் போகும்வரை நாலு நாள் எனக்குச் சாதகம். மற்ற நாளெல்லாம் தொடையில் தட்டிப் பழகியதுதான்.

போட்டியில் நடுவர் கேட்டார்: "யார்கிட்டப்பா பாடம்?" "நானா கத்துக்கிட்டேன்" என்று பொய் சொன்னேன். "அதான் தெரியறதே" என்றார். மண்டபம் சிரித்தது. பரிசு என் வயதுப் பையன் ஒருவனுக்குப் போனது. அவன் நன்றாக வாசித்தான். என்னைவிட நன்றாகவே வாசித்தான். யாரும் மார்க்கைத் திருத்தவில்லை. அப்படியென்றால் நான் எங்கே தோற்றேன்? முப்பது வருசத்துக்கு மேலாக இந்தக் கேள்வி கூடவே வருகிறது. அந்த மண்டபத்துக்குள் இதற்கு விடை கிடையாது. வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

சபாக்கள் வருவதற்கு முன்பு சங்கீதம் மூன்று இடங்களில் வளர்ந்தது: கோயில், அரண்மனை, மிராசுதார் வீட்டு விசேஷம். நாகசுரக்காரர் வீடுகள், தேவதாசி வீடுகள், பார்ப்பன பாகவதர் வீடுகள் ஆகியவைதான் பள்ளிக்கூடங்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து காதில் விழுவதுதான் முதல் பாடம். இந்த இடம் எதிலும் நம் கால் பட முடியாது. நமக்கென்று விதிக்கப்பட்டது பறை. அதைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அடிப்பவனையும் ஒதுக்கினார்கள்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. சங்கீதத்தைக் கோயிலிலிருந்தும் ஜமீன்தாரிடமிருந்தும் பிரித்து, டிக்கெட் வாங்கிய யாரும் கேட்கலாம் என்று ஆக்கியது ஒரு மாற்றம்தான். மறுக்கவில்லை. ஆனால் காலம் எது என்று பாருங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் முதன்முதலாக நுழைந்தது 1939இல். அப்போது அகாடமிக்கு வயது பதினொன்று. நாம் கோயில் வாசலைத் தாண்டிய நேரத்தில், சங்கீதம் கோயிலைவிட்டு வெளியேறி வேறொரு வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் புதிய மண்டபங்களில் இளைஞர்களுக்கு ஓர் ஏணி கட்டப்பட்டது. முதலில் போட்டி. ஜெயித்தால் பகல் வேளைக் கச்சேரி. பத்திரிகையில் நாலு வரி நல்லபடியாக வந்தால் அடுத்தடுத்த வருசங்களில் சாயங்காலக் கச்சேரி. பார்ப்பதற்கு இது சாதியில்லாத ஏணி. வித்தை இருந்தால் ஏறலாம் என்கிறார்கள். ஆனால் இந்த ஏணி ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்களிடையே மட்டும்தான் வரிசை போடுகிறது. பாடக் கற்றுக்கொள்ள முடியாதபடி வைக்கப்பட்டவர்கள் அதன் கணக்கிலேயே வரவில்லை.

ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவர்களிலும் பலர் கீழே தள்ளப்பட்டார்கள். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தது. பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்களின் பாட்டையும் ஆட்டத்தையும் எடுத்துக்கொண்ட மேடை, அவர்களில் பெரும்பாலோரை வெளியே விட்டது. நாகசுரக்காரர் உட்கார்ந்து வாசிப்பதற்குக்கூட டி.என். ராஜரத்தினம் பிள்ளை மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. எந்த மொழியில் பாடுவது என்று அது கேட்டது நியாயமான கேள்வி. சேரிக் குழந்தைக்கு யார் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியோ அப்போதும் முன்னுக்கு வரவில்லை.

வானொலி இன்னொரு பாடம். பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது, 1952இல், ஆகாசவாணி கலைஞர்களுக்குக் குரல் தேர்வு முறை வந்தது. நடுவர்களுக்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். இதைவிட நியாயமாக ஒரு தேர்வை நடத்த முடியுமா என்று தோன்றும். திரை முகத்தை மறைக்கும். ஏழு வயதில் பாடம் தொடங்கியவன் குரலையும், பதிமூன்று வயதில் திண்ணையில் தொடங்கியவன் குரலையும் அது மறைக்காது. சாதி, குரலுக்குள்ளேயே பயிற்சியாகப் படிந்துவிட்ட பிறகு திரை என்ன செய்யும்?

இந்த ஏணி கடல் தாண்டியும் நீண்டிருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை, இன்று பிள்ளைகள் போட்டிபோடும் பெரிய களம். ஆன்லைன் பாடம், தம்பூரா, பட்டுப்புடவை, பக்கவாத்தியக்காரருக்குச் சன்மானம், மார்கழி முழுக்கச் சென்னையில் தங்கும் செலவு. பகல் கச்சேரியில் கிடைப்பது பலருக்கு ஆட்டோ செலவுக்கே காணாது. வருசக்கணக்கில் சம்பாத்தியம் இல்லாமல் காத்திருக்க முடிகிற வீட்டுப் பிள்ளைதான் சாயங்காலக் கச்சேரிவரை தாக்குப்பிடிக்கும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் யார் அப்படிக் காத்திருப்பது?

இதில் இன்னொரு வேடிக்கை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைக் குழந்தைகள் உருகி உருகிப் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். வாசலுக்கு வெளியே நின்ற நந்தன் மேடையில் பாட்டாகிறான். நந்தன் வீட்டுப் பிள்ளை மட்டும் இன்னும் வாசலில்.

மிருதங்கத்துக்கே வருவோம். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் இல்லாமல் அது பேசாது. அந்தத் தோலைத் தேர்ந்து, பதமாக்கி, வார் இழுத்து, சுருதி நிற்கவைப்பதில் பெரும்பங்கு தலித் கிறித்தவக் கைகளுடையது. 1966இல் மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அவர் பாலக்காடு மணி ஐயர். அவருடைய நாதத்துக்காக உழைத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. எந்தத் தோல் எப்படிப் பேசும் என்ற அறிவு அவர் விரலில் இருந்தது. அதற்கு வித்வத் என்று யாரும் பேர் வைக்கவில்லை. இந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் 2020இல் வெளிவந்தது. வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, புத்தகத்தில் அரசியல் இருப்பதாகச் சொல்லி அனுமதியைத் திரும்பப் பெற்றது. தோல் உள்ளே போகலாம். தோலின் கதை போகக் கூடாது.

என்ன செய்யலாம்? அரசு நடத்தும் இசைக் கல்லூரி 1949இலேயே சென்னையில் வந்துவிட்டது. பின்னால் பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகளும் வந்தன. அங்கே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சான்றிதழும் வாங்குகிறார்கள். சான்றிதழுக்குப் பிறகு மேடை எங்கே? அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு விழாவிலும் இந்த மாணவர்களுக்குச் சம்பளத்தோடு கச்சேரி வேண்டும் என்று கேட்போம். வாத்தியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்வோம். தொடையில் தட்டிப் பழகியவனோடு மிருதங்கத்தில் பழகியவனை நிறுத்திப் பார்ப்பதற்குப் போட்டி என்று பேர் வைக்காதீர்கள் என்று சொல்வோம்.

போட்டி முடிந்து வந்த அன்று ராத்திரி சித்தப்பா ஒரு வித்வானின் மிருதங்கத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வேலையை நிறுத்தவில்லை. "குரு பேரு கேட்டானுவளா? எம்பேரப் போட்டிருக்கலாம்லடா. இதுக்கு நாதம் குடுத்தது நாந்தான" என்றார்.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அந்த விண்ணப்பம் கையில் கிடைத்தால் அவர் பெயரைத்தான் எழுதுவேன்.