மலையில மெயில் ஆப் அடிக்கடி 'கட்' ஆகுதா? அக்கவுன்ட்டை நீக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு பஸ்ஸில் வருகிறீர்கள். இன்டர்வியூ மெயிலுக்கு வழியிலேயே பதில் போட்டாச்சு. இறங்கிப் பார்த்தால் அது அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்கிறது ஆப். ரெண்டு நிமிஷத்தில் தானாகச் சரியாகிறது, மறுபடியும் போகிறது.

உடனே அக்கவுன்ட்டை நீக்கிவிட்டுப் புதுசா சேர்ப்பதுதான் பலருடைய வைத்தியம். அதை மட்டும் அவசரப்பட்டுப் பண்ணிடாதீங்க. போகாமல் நிற்கும் மெயிலும், 'பாப்' முறையில் போனில் மட்டும் இறக்கி வைத்த பழைய மெயில்களும் அதோடு அழிந்துவிடலாம். அவுட்பாக்ஸில் இருப்பதை முதலில் காப்பி எடுத்து வேறெங்காவது ஒட்டி வையுங்கள்.

சரி, ஏன் கட் ஆகுது? காலேஜ், ஆபீஸ் மெயிலை 'ஐமேப்' முறையில் சேர்த்திருந்தால், புது மெயிலை உடனே காட்டுவதற்காக ஆப் சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். ரெண்டு பக்கமும் பேசாத போன் கால் மாதிரி. 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது, 1997-ல் வந்த தொழில்நுட்ப விதிமுறை. ஆனால், நடுவிலுள்ள ரவுட்டரோ மொபைல் நெட்வொர்க்கோ அதற்கு முன்பே 'இங்க யாரும் பேசலையே' என்று மூடிவிடலாம். வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறினாலும் போனின் ஐபி முகவரி மாறி, பழைய இணைப்பு அறுந்துவிடும்.

'ஊட்டி 2,240 மீட்டர் உயரமாச்சே, சிக்னல் பிச்சுக்கிட்டு வரணுமே' என்று கீழே இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். உயரம் விஷயமே இல்லை, டவருக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் மேடுதான் வில்லன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு வளைவில் நாலு கோடு, அடுத்த வளைவில் சைபர்.

அதனால் ஒருநாள் மட்டும் கவனியுங்கள்: எப்போது கட் ஆகிறது? போன் லாக்கில் இருக்கும்போது மட்டும் என்றால், குற்றவாளி பேட்டரி சேவர். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு பேட்டரியை 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' ஆக்குங்கள். வைஃபையில் மட்டும் என்றால், அதை அணைத்து டேட்டாவில் முயலுங்கள். சரியானால் கோளாறு ரவுட்டர் பக்கம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போய் வந்தால் ரவுட்டரும் புதுசா எழுந்திருக்க வேண்டுமே! ஹோம்ஸ்டே வைஃபை என்றால் பிரவுசரில் மறுபடி லாகின் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

மெயில் வருது, ஆனா போகலையா? அனுப்பும் போர்ட் 465 அல்லது 587 ஆக இருக்கணும். பழைய 25-ஐப் பல நெட்வொர்க்குகள் அடைத்து வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு 993. போனில் தேதி, நேரம் தப்பா இருந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படும்.

ஜிமெயிலை வேறொரு ஆப்பில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புக்குத்தான் அனுமதி. பழைய போன், டேப்லெட், லேப்டாப் எல்லாம் சேர்ந்தே அதைத் தின்றுவிடலாம். பாஸ்வேர்டை திரும்பத் திரும்பக் கேட்டால், கூகுள் லாகின் பக்கம் வழியாக உள்ளே நுழையுங்கள். வெறும் பாஸ்வேர்டை மட்டும் ஏற்பதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்த ஆரம்பித்துவிட்டது.

இன்னைக்கே கடைசி நாள், மெயில் போயே ஆகணுமா? சிக்னல் இருக்கும் இடத்தில் நின்று, பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து அனுப்புங்கள். 'சென்ட்' ஃபோல்டரில் அது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.