மன்னம்பிட்டிப் பாலம்: இரும்பும் எங்கட ஆக்களின் காத்திருப்பும்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற எல்லோரும் மன்னம்பிட்டிப் பாலத்தைக் கடந்திருப்போம். ஆனால் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்? எங்களில் ஒருவர்கூட இல்லை. ஆகவே போன மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஆறு பேர் காலைக் கோச்சியில் ஏறி மன்னம்பிட்டியில் இறங்கினோம்.

இங்கே மகாவலியின் ஒரு கரையில் மன்னம்பிட்டி, மறுகரையில், பொலன்னறுவைப் பக்கமாக, கல்லேல்லை. ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று 2007 இல் ஜப்பான் உதவியுடன் கட்டித் திறக்கப்பட்ட 302 மீற்றர் நீளமான கொங்கிரீட் பாலம். மற்றது 1922 ஆம் ஆண்டின் இரும்புப் பாலம். பழையதில் இப்போது புகையிரதம் மட்டும்தான் போகிறது. தண்டவாளத்தில் நடப்பது ஆபத்து என்பதால் புதிய பாலத்தின் ஓரத்தில் நின்றே பார்த்தோம்.

1922 என்ற ஆண்டு எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1928 இல். அதாவது கோச்சி மட்டக்களப்பைத் தொடுவதற்கு ஆறு வருடம் முன்பே பாலம் வந்துவிட்டது. அதற்கு முதல் எங்கட பகுதி ஆக்கள் வெளியே போவதென்றால் கடல் வழி, இல்லாவிட்டால் பதுளை வீதி. மகாவலியைத் தாண்டியபிறகுதான் மேற்குப் பக்கமாக நேரே ஒரு வாசல் திறந்தது.

அந்த வாசல் ஒடுக்கமானது. 85 வருடம் புகையிரதமும் வாகனங்களும் ஒரே பாலத்தைத்தான் பாவித்தன. தண்டவாளத்துக்கு மேலாலேயே பஸ்ஸும் லொறியும் போகும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டும். கோச்சி வந்தால் இரண்டு பக்கமும் மறித்துவிடுவார்கள். இலங்கையின் மிக நீளமான ஆற்றுக்கு மேல் இரண்டு பாலம் கட்டுகிற செலவை அன்றைய ஆட்சி மிச்சம் பிடித்தது. அந்த மிச்சத்துக்கான விலையைச் சனங்கள் நேரமாகக் கொடுத்தார்கள்.

தேத்தண்ணிக் கடையில் ஒரு ஐயாவுடன் கதைச்சம். முந்தி லொறி ஓடியவராம். “பிள்ளையள், இந்தப் பாலத்தில நான் நிண்ட நேரத்தைக் கூட்டினா ஒரு வருசம் வரும்” எண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “கோச்சிக்கு நிண்டது பரவாயில்ல. செக்கிங்குக்கு நிண்டதுதான் மறக்கேலாது. அடையாள அட்டையைக் கையில வச்சுக்கொண்டு, சாமான் எல்லாம் இறக்கி, திரும்ப ஏத்தி... வெயிலுக்க பிள்ளைத்தாச்சிமாரும் நிண்டவையள்.”

எங்களில் ஒருத்தியின் அம்மாவும் அப்படி நின்றவர்தான். அவ வீட்டில் இதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லையாம். கடையில் இருந்தே அம்மாவுக்குப் போன் எடுத்தாள். “ஓம், நீ அப்ப வயித்துக்குள்ள” எண்டு மட்டும் அம்மா சொன்னா.

போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மட்டக்களப்புக்குக் கோச்சியே வரவில்லை. கிழக்கிலிருந்து பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குப் போகும் வீதிக்கும் ரயிலுக்கும் ஒரே ஒரு இரும்புப் பாலம் என்றால், அதில் காவல் நிற்பவர் கையில்தான் பயணம் இருக்கும். பாலங்கள் ஊர்களை இணைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இணைக்கிற இடத்திலேயே மறிக்கவும் முடியும் என்பதை எங்கட பெற்றோர் இங்கே படித்திருக்கிறார்கள்.

திரும்பும்போது உதயதேவி பாலத்தில் ஏறியது. வேகத்தைக் குறைத்து, இரும்பு முழுக்க அதிர, மெதுவாகக் கடந்தது. புதிய பாலத்தில் வாகனங்கள் நிற்காமல் ஓடின. அங்கே காத்திருக்க இப்போது ஒரு காரணமும் இல்லை. அது நல்லதுதான். ஆனால் காத்திருப்பு முடிந்ததோடு அதைப் பற்றிய கதைகளும் முடிந்துவிடக்கூடாது.

இரும்புக்குத் துரு பிடித்தால் தீந்தை பூசப் புகையிரதத் திணைக்களம் இருக்கிறது. ஞாபகத்துக்கு நாங்கள்தான் இருக்கிறோம். உங்கட வீட்டிலும் இந்தப் பாலத்தில் நின்ற ஒருவர் இருப்பார். இண்டைக்கே கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ.