சென்னை வரலாற்றில் பூந்தமல்லி

பூந்தமல்லி அல்லது பூவிருந்தவல்லி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஊராகும். சென்னையின் வரலாறு பெரும்பாலும் கடற்கரையிலிருந்தே எழுதப்படுகின்றது. எனினும் அக்கடற்கரை யாருக்கு உரியது என்பது 17 ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லியிலிருந்தே தீர்மானிக்கப்பட்டது.

கோட்டைக்கு முன்

இராமானுசருக்கு ஆசானாக விளங்கிய திருக்கச்சி நம்பிகள் (11 ஆம் நூற்றாண்டு) பிறந்த ஊர் இதுவாகும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு புரிந்தவர் இவர் என்பது வைணவ மரபு. அப்பெருமாளின் பெயரிலேயே பூந்தமல்லியிலும் ஒரு கோயில் உள்ளது.

நாயக்கர்களும் 1639 ஆம் ஆண்டுக் கொடையும்

விசயநகர அரசின் கீழ் இப்பகுதியைத் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆண்டுவந்தார். அவர் வந்தவாசியில் இருக்க, அவருடைய உடன்பிறப்பான ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து கடற்கரைப் பகுதியைக் கவனித்தார். 1639 இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பிரான்சிசு டே, கோட்டை கட்டுவதற்கான நிலத்தைப் பெற்றது இவ்விருவரிடமிருந்தே. புலிக்காட்டில் ஒல்லாந்தரும் சாந்தோமில் போர்த்துக்கேயரும் இருந்தனர். அவர்களுக்கிடையேயான பூசலைத் தடுக்க, நடுவில் ஒரு பட்டினத்தை ஐயப்பர் தம் தந்தை சென்னப்பரின் பெயரால் நிறுவினார் எனத் தாமர்ல குடும்பத்தவர் ஒருவர் இயற்றிய உஷா பரிணயம் என்னும் தெலுங்கு நூல் கூறுகின்றது. ஆங்கிலேய ஆவணங்கள் இதே நிகழ்வைக் கம்பனியின் முயற்சியாகக் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறையாகும்.

கோல்கொண்டா ஆட்சி

1646 அளவில் மீர் சும்லாவின் தலைமையில் கோல்கொண்டாப் படைகள் இப்பகுதியைக் கைப்பற்றின. கோட்டைக்குரிய வாடகை 1658 இல் ஆண்டுக்கு 380 வராகன் எனவும், 1672 இல் 1200 வராகன் எனவும் நிர்ணயிக்கப்பட்டது. இக்காலத்தில் கோட்டையின் பலவீனம் வெளிப்படையாகத் தெரிந்தது. கடலில் அதற்குக் கப்பல்கள் இருந்தன. ஆனால் அரிசியும் விறகும் ஏற்றுமதிக்கான துணியும் உள்நாட்டிலிருந்தே வரவேண்டும். பூந்தமல்லியின் அதிகாரியாக இருந்த லிங்கப்பா, ஆளுநர் இசுட்ரெய்ன்சாம் மாசுட்டரின் காலத்தில் (1678-1681) கம்பனியுடன் முரண்பட்டு, பட்டினத்துக்குச் செல்லும் பொருள்களைத் தடுத்தார். பீரங்கிகளால் இதற்கு விடை காண இயலவில்லை. 1687 இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது.

கம்பனியின் கீழ்

1763 இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, பூந்தமல்லி உள்ளிட்ட செங்கற்பட்டுப் பகுதியைக் கம்பனிக்குச் சாகீராக அளித்தார். வழங்கலைத் தடுக்கக்கூடிய ஊர் இதன்பின் கோட்டையின் கைக்கு வந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இங்கு ஐரோப்பியப் படைவீரர்களுக்கான முகாம் இருந்தது. நகரிலிருந்து இங்கு வரும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பிற்காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது. மக்கள் பேச்சில் பழைய பெயர் இன்னும் வழங்குகின்றது.

இருப்புப் பாதையும் அயல் ஊர்களும்

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தொடங்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்துப் பாதை பூந்தமல்லியைத் தொடவில்லை. வடக்கே அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றது. பெருந்தொழில்களும் அத்திசையிலேயே வளர்ந்தன. 1949 இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையும், 1960களில் தொழிற்பேட்டையும் அமைந்தன. 1955 இல் காங்கிரசு மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றிய ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 இல் முதல் விசயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது.

நீர்

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இவ்வேரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றின் வழியே நகருக்குள் பாய்ந்தது.