தேர்ச்சிக்குத் தக்க மானியம்

இங்கிலாந்திலே ஏழைப் பிள்ளைகள் பயின்ற பாடசாலைகளுக்கு அரசாங்கம் வழங்கிய திரவியம் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே போக, அதற்கீடான பலன் விளைகிறதா என்ற ஐயம் எழுந்த காலத்தில், கல்விப் பொறுப்பை வகித்த ராபர்ட் லோ 1862-இல் திருத்திய விதித்தொகுதியை நடைமுறைப்படுத்தினார். அதன்படி பாடசாலைக்குக் கிடைத்த மானியம், மாணவனின் வருகைக்கு 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் அவன் பரிசோதகர் முன் தேறினால் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைந்துவிடும்.

ஆசிரியருடைய ஜீவனமே பரிசோதகர் வரும் அந்த ஒரு தினத்தைச் சார்ந்துவிட்டமையால், பூகோளமும் சரித்திரமும் ஒதுக்கப்பட, எழுத்தைப் பாராமலே ஒப்புவிக்குமளவுக்குப் பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை மனனம் செய்தனர்; பயந்து நின்ற சிறுவனின் நாக்குத் தடுமாறினால் பாடசாலையின் வருமானமே தடுமாறிற்று. இதைக் கொடுமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கவிஞரும் பரிசோதகருமான மாத்யூ ஆர்னால்டு, தாம் ஊழியம் புரிந்த இலாகாவின் கொள்கையையே ஆரம்பமுதல் துணிந்து கண்டித்தது போற்றத்தக்கது.

அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளிலும் இம்முறை புகுந்தது. இங்கிலாந்தில் அது 1890-களில்தான் படிப்படியாகக் கைவிடப்பட்டது.