பிரேக் மிதித் தளர்வு

பிரேக் மிதித் தளர்வு என்பது, நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக் அமைப்புள்ள ஊர்தியில் பிரேக் மிதி உறுதியாக நில்லாமல் பஞ்சுபோல் அமுங்குவதையோ, வழக்கத்தை விட ஆழமாகக் கீழிறங்குவதையோ குறிக்கும். இது தனியொரு பழுது அன்று. பல்வேறு பழுதுகளின் பொது அறிகுறி ஆகும். மிதி எவ்வாறு இறங்குகிறது என்பதைக் கொண்டு காரணத்தைப் பெரும்பாலும் வேறுபடுத்தி அறியலாம்.

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்மச் சுற்றைக் கொண்ட பழைய மகிழுந்துகளில், ஓரிடத்தில் ஏற்படும் கசிவே எல்லாச் சக்கரங்களின் பிரேக்கையும் செயலிழக்கச் செய்யக்கூடும். எனவே, இவ்வறிகுறி தோன்றிய ஊர்தியைச் சரிசெய்யும் வரை ஓட்டலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1968 முதல் புதிய மகிழுந்துகளில் இரட்டைச் சுற்று கட்டாயமாக்கப்பட்டது.

இயங்கும் முறை

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. பாஸ்கல் விதிப்படி அவ்வழுத்தம் குழாய்கள் வழியே சக்கரங்களிலுள்ள சிலிண்டர்களை அடைந்து, பிரேக் ஷூக்களை டிரம்மின் மீதோ, பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீதோ அழுத்துகிறது.

நீர்மங்கள் மிகச் சிறிதளவே அமுங்கும். வளிமங்கள் எளிதில் அமுங்கும். எடுத்துக்காட்டாக, 19 மி.மீ. உள்விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரிலிருந்து 1 கன செ.மீ. ஆயிலைத் தள்ளப் பிஸ்டன் ஏறத்தாழ 3.5 மி.மீ. நகர வேண்டும். மிதியின் நெம்புகோல் விகிதம் 5 எனில், மிதி ஏறத்தாழ 17.5 மி.மீ. இறங்கும். ஆகவே, குழாயில் சிக்கிய 1 கன செ.மீ. காற்றை அமுக்குவதற்கே ஏறத்தாழ அத்தனை மிதிப் பயணமும் வீணாகிறது.

கண்டறிதல்

ஊர்தியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்னரே ஆய்வு செய்யப்படும். முதலில் ஆயில் கலத்தின் மட்டம் குறித்துக்கொள்ளப்படும்.

* விரைந்து பலமுறை மிதித்தால் மிதி உயர்ந்து, அப்போதும் பஞ்சுபோல் அமுங்கினால், குழாய்களில் காற்று உள்ளது.
* இரண்டாம் மிதிப்பில் உயர்ந்து உறுதியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி மிகுந்துள்ளது. தொடக்ககால அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்று நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட ஊர்திகளில் இது முதலில் பார்க்க வேண்டியது. கைப்பிரேக்கை இழுத்ததும் மிதி உயர்ந்தால், பின்சக்கரங்களில் இடைவெளி மிகுதி எனக் கொள்ளலாம்.
* சீராக அழுத்திப் பிடிக்கையில் மெல்லத் தரையை நோக்கி இறங்கி, ஆயில் மட்டமும் குறையாவிடில், மாஸ்டர் சிலிண்டரின் உட்புற ரப்பர் அடைப்புகள் தேய்ந்துள்ளன.
* ஆயில் மட்டம் தொடர்ந்து குறைந்தால் வெளிக்கசிவு இருக்கக்கூடும். குழாய் இணைப்புகள், சக்கரங்களின் உட்புறம், சக்கரச் சிலிண்டர்களின் ரப்பர் உறைகள் ஆகியவற்றில் ஈரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* ஒருவர் மிதிக்கையில் ரப்பர் குழாய் உப்புவது கண்ணுக்குத் தெரிந்தால், அக்குழாய் நலிந்துவிட்டது.
* வழக்கமாக உறுதியாக உள்ள மிதி, மலைப்பாதையில் நீண்ட இறக்கத்துக்குப் பின் தளர்ந்தால், ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கலாம். கிளைக்கால் வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 தர ஆயிலின் குறைந்தளவு கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசு, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் 140 பாகை.

மிதி உறுதியாக இருந்தும் ஊர்தி நிற்கத் தாமதமானால் அது மிதித் தளர்வு அன்று; சூட்டினால் ஷூ அல்லது பேடின் உராய்வு குறைவது அதற்கு ஒரு காரணமாகும். வெற்றிட உதவி பொருத்தப்பட்ட ஊர்திகளில், மிதியை அழுத்தியபடி எஞ்சினை இயக்கும்போது மிதி சற்றே இறங்குவது இயல்பானதே.

சீர்செய்தல்

காரணத்தை அறியாமல் காற்றை மட்டும் வெளியேற்றினால் தளர்வு சில நாட்களில் மீண்டும் தோன்றக்கூடும். ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்து, கசியும் உறுப்புகளை மாற்றிய பின்னரே காற்று வெளியேற்றப்பட வேண்டும். பல ஊர்திகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து இப்பணி தொடங்கப்படும். தயாரிப்பாளர் கையேடு வேறு வரிசை கூறினால் அதுவே பின்பற்றத்தக்கது.

பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் காற்றை வெளியேற்றுகையில் மிதியைத் தரைவரை அழுத்துவது தவிர்க்கப்பட வேண்டும். பிஸ்டன் வழக்கமாகச் செல்லாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். அவற்றின் மீது உரசி ரப்பர் அடைப்புகள் கிழியக்கூடும். இவ்வாறு, ஒரு பழுதைச் சரிசெய்யும் முயற்சியே மற்றொன்றை உண்டாக்கிவிடும். வெளியேற்றப்பட்ட ஆயிலை மீண்டும் பயன்படுத்தலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* டிரம் பிரேக்
* டிஸ்க் பிரேக்
* பாஸ்கல் விதி