துயிற்றும் மருந்தும் எழுப்பும் மருந்தும்



நோயுற்ற மனிதன் தனக்கு வலிக்கும் இடத்தைச் சொல்லுவான். வாயில்லாச் சீவன் சொல்லமாட்டாது. அடிபட்ட நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். காலொடிந்த குதிரை உதவ வருபவரை உதைக்கும். ஆகவே வலியைத் தணித்தலும் அமைதிப்படுத்தலும் மிருக வைத்தியத்திலே இணைபிரியாத் தேவைகளாயின. இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்லது, கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் அபின்.

1805ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே செற்றூர்ணர் என்னும் இளம் மருந்தாளர் அபினின் சாரத்தைப் பிரித்தெடுத்து, நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரால் அது மோர்பின் எனப்பட்டது. எனினும் எல்லா விலங்குகளிடத்தும் அது ஒரே பலனைத் தரவில்லை. நாயைத் துயிற்றிய மருந்து, அளவு மிகுந்தவிடத்துப் பூனையையும் குதிரையையும் வெறிகொண்டவை போலாக்கிற்று.

இம்மருந்துக் குலத்தின் பெருமையை உலகம் கண்டது தென்னாபிரிக்கக் காட்டிலேதான். தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகங்கள் வேட்டையால் அழிந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேட்டாலின் உம்பொலோசிப் பகுதியில் மாத்திரம் மிகச் சிலவே எஞ்சின. 1895இல் அது சரணாலயமாயிற்று. 1960 அளவில் அவை பல நூறாகப் பெருகின. ஆயினும் ஓரினம் முழுவதும் ஒரே காட்டில் இருந்தால், ஒரு கொள்ளைநோயே அதனை அழித்துவிடலாம் அல்லவா? எனவே 1961 முதல் அவற்றைப் பிற சரணாலயங்களுக்குக் கொண்டுசெல்ல இயன் பிளேயரும் அவருடைய தோழர்களும் முற்பட்டனர்.

இரண்டு தொன் எடையுள்ள விலங்கைப் பிடிப்பது எங்ஙனம்? அக்காலத்தில் காட்டுவிலங்குகளைப் பிடிக்க, தசைகளை முடக்கும் மருந்துகளும் ஊசித் துப்பாக்கியால் ஏற்றப்பட்டன. அவை வலியைப் போக்கா. விலங்கு அசைய மாட்டாமல், உணர்வோடே கிடக்கும். அளவு சற்று மிகுந்தால் மூச்சு நின்றுவிடும்.

1960களின் முற்பகுதியிலே பிரித்தானிய இரசாயன அறிஞர் கெனத் பென்ற்லியின் குழுவினர் அபின் வகையைச் சேர்ந்த எற்றோர்பின் என்னும் மருந்தை ஆராய்ந்தனர். அது மோர்பினிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமுடையது. கிழக்காபிரிக்காவிலே பணியாற்றிய மிருக வைத்தியர் டோனி ஹார்தூன் அதனைக் காண்டாமிருகங்களுக்குப் பயன்படுத்தினார். சில மில்லிகிராமே போதுமாயிற்று. விலங்கு தள்ளாடி நின்று, பின் படுக்கும். கண்களைத் துணியால் மூடி, மூச்சைக் கவனித்தவாறு வேலையை விரைந்து முடிப்பர்.

வீழ்த்துவதினும் அரியது எழுப்புவது. அதற்கென டிப்பிரினோர்பின் என்னும் மாற்று மருந்து கிடைத்தது. நரம்புக் கலங்களிலே அபின் வகை மருந்து பற்றிக்கொள்ளும் இடங்கள் உண்டென 1973இல் ஆய்வாளர் நிறுவினர். மாற்று மருந்து அவ்விடங்களைத் தான் கைப்பற்றி முன்னதை விலக்கிவிடுகின்றது. காதின் நாளத்தில் அதனைச் செலுத்தினால், மலைபோற் கிடந்த விலங்கு சில நிமிடங்களில் எழுந்து நடக்கும்.

இதே எற்றோர்பின் சிறு கீறலின் வழியாகவும் மனிதனைக் கொல்ல வல்லது. ஆதலால் மனிதருக்கான மாற்று மருந்தும் அருகில் இல்லாமல் வைத்தியர் அதனைத் தொடுவதில்லை. கொம்புக்காகக் கொல்லுவோர் அதனைக் களவாகப் பெற்றுப் பயன்படுத்தியதும் உண்டு. எழுப்பும் எண்ணமில்லாதவர் கையில் அது நஞ்சேயாகும். வைத்தியர் கையிலோ அஃது ஓரினத்தையே காத்தது. 2024ஆம் ஆண்டின் முடிவில் 15,000க்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் உலகில் வாழ்ந்தன. ஏறத்தாழ அவையனைத்தும் உம்பொலோசியில் எஞ்சிய அச்சிலவற்றின் வழித்தோன்றல்களே.