அஃபிலியேட் விற்பனை: வலையமைப்பும் சொந்தத் திட்டமும்

இணைய வணிகரின் பொருளுக்குத் தன் தளத்திலோ யூடியூப் பக்கத்திலோ இணைப்புக் கொடுத்து, அதன்வழி நடக்கும் விற்பனைக்கு மட்டும் கமிஷன் பெறுபவர் அஃபிலியேட் எனப்படுவார். 1996 ஜூலையில் அமேசான் தொடங்கிய அசோசியேட்ஸ் போல வணிகரே நடத்துவது சொந்தத் திட்டம். 1998-இல் தோன்றிய கமிஷன் ஜங்ஷன், இந்தியாவின் விகமிஷன் முதலியவை பல வணிகரையும் பல அஃபிலியேட்டுகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வலையமைப்புகள். தேயிலை ஏலத்தில் தரகர் வகிக்கும் இடம் இவற்றுக்கு உண்டு.

வால்பாறைத் தேயிலையைப் பாக்கெட்டில் அடைத்து இணையத்தில் விற்கும் சிறு வணிகருக்கு இவ்வேறுபாடு லாபத்தையே தொடுவது. 500 ரூபாய்ப் பாக்கெட்டுக்குக் கமிஷன் 10 விழுக்காடு எனில் அஃபிலியேட்டுக்கு 50 ரூபாய். வலையமைப்பு அதன்மேல் 30 விழுக்காடு கட்டணம் கேட்டால் செலவு 65 ரூபாயாகும். சொந்தத் திட்டத்தில் அந்த 15 ரூபாய் மிஞ்சினாலும், வாங்குபவரின் உலாவியில் பதியும் குக்கி என்னும் சிறு குறிப்பைக் கொண்டு விற்பனையைக் கணக்கிடுவதும், போலி ஆர்டரைப் பிடிப்பதும், திரும்பி வந்த சரக்குக்குரிய கமிஷனைக் கழிப்பதும் வணிகர் தலையிலேயே விழும். எனினும் வலையமைப்புகளில் மலிந்துள்ள கூப்பன் தளங்கள், எப்படியும் வாங்கவிருந்தவரைக் கடைசி நொடியில் மறித்துக் கமிஷன் பெறுவதால், மலைப்பயணக் காணொளி எடுக்கும் நாலைந்து பேரே வாடிக்கையாளரைக் கொண்டுவரும் தேயிலைக் கடைக்குச் சொந்தத் திட்டமே பொருந்தும்.